ஹெமிஸ் மலைவெளிக்குப் புறப்படும் முன்: பணத்தோடு நாட்களையும் சேமியுங்கள்

'பூங்கா' என்னும் சொல் நம்மைச் சற்றே ஏமாற்றிவிடுகிறது. நுழைவாயில், சீட்டுக் கூடம், ஜீப் வண்டி, மாலையில் அடைக்கப்படும் கதவு என்றே மனம் எண்ணிக்கொள்கிறது. லடாக்கில் சிந்து நதிக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்கு இவற்றுள் எதுவும் பொருந்தாது. 1981-ல் அறிவிக்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்ட அதன் பரப்பு இன்று ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர். இந்தியாவின் தேசியப் பூங்காக்களுள் மிகப் பெரியதாகக் கருதப்படுவது அதுவே. சென்னை மாநகராட்சியைப் போல் பத்து மடங்கு. உள்ளே மரம் என்று சொல்லத்தக்கவை ஆற்றோரத்து வில்லோக்களும் பாப்லர்களும்தாம். மற்றவை யாவும் செம்மண் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் ஊதா நிறத்திலும் எழுந்து நிற்கும் வெற்று மலைகள். அம்மலைகளுக்கிடையே ரும்பாக், ஸ்கியு, மார்க்கா, ஹங்கார் எனச் சிற்றூர்கள். மக்கள் அங்கே வாற்கோதுமை பயிரிட்டு, ஆடும் யாக்கும் வளர்த்து வாழ்கின்றனர். அவர்களுடைய வீடுகளில் தங்கி, ஐந்தாறு நாட்கள் நடந்து, சுமார் 5,200 மீட்டர் உயரமுள்ள கொங்மாரு லா கணவாயைக் கடந்து மறுபுறம் இறங்குவதே மார்க்கா பள்ளத்தாக்கு நடைப்பயணம்.

கோடை விடுமுறைக்குப் பின் நம் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்களில் சிலர் இப்பயணத்தைப் பற்றி வினவுகின்றனர். எவ்வளவு செலவாகும், தனிநபர் கடன் கிடைக்குமா, காப்பீடு உண்டா என்பன கேள்விகள். எத்தனை நாட்கள் ஒதுக்க வேண்டும் என்று கேட்பவர் அரிது. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது அதுதான். இப்பயணத்தில் பணத் தட்டுப்பாட்டால் உயிருக்கு இடர் நேர்வது அரிது; நாள் தட்டுப்பாட்டால் நேர்வதுண்டு.

காற்றின் கணக்கு

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அங்கும் சென்னையில் உள்ளது போலவே ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். ஆகவே உள்ளிழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கே ஆக்சிஜன் கிடைக்கிறது. கொங்மாரு லாவின் உச்சியில் அது பாதியைச் சற்றே தாண்டும். சென்னையிலோ மும்பையிலோ இரவு உறங்கி, அதிகாலை விமானத்தில் தில்லி வழியாக மறுநாள் காலை லேயில் இறங்குபவரின் உடல், இம்மாற்றத்தை ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் எதிர்கொள்கிறது. உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். அந்த நாட்களைக் கொடுக்க மறுத்தால் தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், உறக்கமின்மை எனத் தொடங்கும் மலைநோய் தலைகாட்டும். அதைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும். அந்நிலை சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது.

'நான் தினமும் ஓடுகிறேன், எனக்கு வராது' என்னும் எண்ணம் இங்கே செல்லாது. 1962 சீனப் போரையொட்டி இமய எல்லைக்கு விரைந்து கொண்டுசெல்லப்பட்ட நம் படைவீரர்களிடையே மலைநோய் பெருமளவில் தோன்றியது. இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1,925 வீரர்களிடம் கண்டவற்றை 1969-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்டனர். இன்றும் உலகெங்கும் மலை மருத்துவர்கள் எடுத்துக்காட்டும் ஆய்வு அது. பாதிக்கப்பட்டோர் பயிற்சி பெற்ற படைவீரர்கள் என்பதை நாம் மறக்கலாகாது. உடல் வலிமை நடையை எளிதாக்கும்; மலைநோயைத் தடுக்காது. தடுப்பது மெதுவாக ஏறுவது ஒன்றே.

மருத்துவர்கள் கூறும் பொது விதி எளியது. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவில் உறங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை கூடுதலாக ஒரு நாள் அதே உயரத்தில் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினும், உறங்கும் உயரமே கணக்கு. தலைவலி இருக்கும்போது மேலே ஏறக்கூடாது. அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னால் தடுமாறினாலோ, நள்ளிரவானாலும் இறங்கியாக வேண்டும். அசெட்டசோலமைடு என்னும் மாத்திரையை முன்தடுப்பாக எடுத்துக்கொள்வோர் உண்டு. அதைக் குடும்ப மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் அளவில் மட்டுமே கொள்ள வேண்டும். சல்பா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் அதைச் சொல்லிவிட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து உட்கொள்வோர் முன்பதிவுக்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பணம் கட்டிய பிறகு பார்த்தால் மருத்துவரின் சொல் காதில் ஏறுவதில்லை.

நாள் வரவுசெலவுத் திட்டம்

இனி நாட்களைக் கணக்கிடுவோம். லேயில் இறங்கும் நாளும் அடுத்த இரு நாட்களும் ஓய்வுக்கு. முதல் நாள் விடுதிப் படியேறுவதுகூட மெதுவாக இருக்கட்டும். மது வேண்டா, தூக்க மாத்திரை வேண்டா. நான்காம் நாள் சில்லிங் வழியாக ஸ்கியு. அவ்வூர் லேயை விடச் சற்றே தாழ்ந்தது என்பதால் தொடக்கத்துக்கு ஏற்றது. ஐந்தாம் நாள் மார்க்கா; ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நடை, நீண்ட நாள். ஆறாம் நாள் ஹங்காரைக் கடந்து தச்சுங்சே என்னும் புல்வெளி, சுமார் 4,200 மீட்டர். ஏழாம் நாள் நிமாலிங், சுமார் 4,700 மீட்டர். எட்டாம் நாள் விடியற்காலையில் கணவாய், பிற்பகலில் ஷாங் சும்தோ, மாலையில் வண்டியில் லே. போகவரப் பயணத்தையும் சேர்த்தால் பத்து அல்லது பதினொரு நாட்கள் ஆகின்றன.

இங்கேதான் பெரும்பாலோர் கணக்கை முடித்துவிடுகின்றனர். எந்த நிறுவனத்தின் வரவுசெலவுத் திட்டத்திலும் எதிர்பாராச் செலவுக்கென ஓர் ஒதுக்கீடு இருக்கும். அது இல்லாத திட்டத்தை எந்த வங்கியும் கடனுக்கு ஏற்பதில்லை. மலைப் பயணத்துக்கு அந்த ஒதுக்கீடு நாட்களில் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு நாட்கள், முடிந்தால் மூன்று. ஒன்று மலையில் செலவிட; ஒன்று லேயில் செலவிட.

லேயில் ஏன் என்றால், பிற்பகலில் மலைக்காற்று வலுப்பதால் அங்கு விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து செல்கின்றன. காலையில் வானிலை ஒத்துழைக்காவிட்டால் அன்றைய பயணம் நின்றுபோகும். 2024 ஜூலை இறுதியில் வெப்பம் மிகுந்ததால் விமானங்கள் இரத்தாயின. உயரத்தில் ஏற்கெனவே மெலிந்த காற்று, சூட்டில் மேலும் மெலிந்து இறக்கையைத் தாங்கவில்லை. குளிருக்கு அஞ்சிக் கம்பளி சுமந்து சென்றவர்கள் வெயிலால் விமான நிலையத்தில் காத்துக் கிடந்தனர். 2010 ஆகஸ்ட் 5-ஆம் நாள் நள்ளிரவில் லேயைத் தாக்கிய மேகவெடிப்பில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாலைகளும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அத்தகைய பேரிடர் அரிது. ஆனால் சாதாரண மழைக்கே மலைச்சாலை ஒரு நாள் மூடப்படுவது அரிதன்று.

மலையில் ஏன் என்பதற்கு எங்கள் அனுபவத்தையே கூறலாம். வங்கிப் பணியாளர்களும் குடும்பத்தினருமாக அறுவர் ஓர் ஆகஸ்டு மாதம் சென்றிருந்தோம். குழுவில் மிக இளையவர் நாள்தோறும் பூப்பந்து ஆடுகிறவர். தச்சுங்சேயில் அன்று மாலை அவருக்கே தலைவலி. உணவு வேண்டா என்று கூடாரத்துள் படுத்துக்கொண்டார். ஓய்வு பெற ஈராண்டே இருந்த முதுநிலை மேலாளரோ இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டார். மறுநாள் ஏற வேண்டா என்று வழிகாட்டி சொன்னார். எவரும் மறுக்கவில்லை, கையில் இரண்டு நாட்கள் இருந்தன. அன்று முழுவதும் எதிர்ச்சரிவில் மேய்ந்த நீல ஆட்டுக் கூட்டமொன்றைத் தொலைநோக்கியில் எண்ணிக்கொண்டிருந்தோம். மாலைக்குள் தலைவலி தீர்ந்தது. அடுத்த நாள் அனைவரும் நிமாலிங் சென்றோம்.

அதே தச்சுங்சேயில் எங்களுக்கு அருகே நால்வர் குழு ஒன்று கூடாரமிட்டிருந்தது. அவர்களுள் ஒருவருக்கும் அன்றிரவு தலைவலியும் வாந்தியும். ஆனால் விமானச்சீட்டு நான்காம் நாளுக்கு. காலையில் நால்வரும் ஏறினர். எங்கள் ஓய்வு நாளின் பிற்பகலிலேயே அந்த ஒருவரைக் குதிரையில் அமர்த்தி, இருபுறமும் இருவர் தாங்கியபடி கீழே கொண்டுவந்தனர். அவர் கண்களைத் திறக்கவில்லை. பெயர் கேட்டால் மட்டும் சொன்னார். ஹங்கார் நோக்கி இறங்கியவர்களுக்கு எங்களிடமிருந்த மருந்தையும் வெந்நீரையும் கொடுத்தனுப்பினோம். பின்னர் லேயில் விசாரித்தபோது, மருத்துவமனையில் ஆக்சிஜன் பெற்று நலமடைந்தார் என அறிந்தோம். ஒரு நாள் கையிருப்பு இருந்திருந்தால் அவரும் எங்களோடு ஆடு எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.

விடுப்பு அத்தனை நாட்கள் கிடைக்காது என்போருக்கு நாம் சொல்வது இதுதான்: நாட்களைச் சுருக்காதீர்கள், பாதையைச் சுருக்குங்கள். கணவாயை விட்டுவிட்டு, மார்க்கா வரை சென்று அதே வழியில் திரும்பலாம். அல்லது லேக்கு அருகிலுள்ள ரும்பாக்கில் இரண்டு இரவுகள் தங்கித் திரும்பலாம். தரை வழியே செல்ல நேரமுள்ளோர் ஸ்ரீநகர், கார்கில் வழியாகச் செல்வது உடலுக்கு நல்லது. சுமார் 2,700 மீட்டர் உயரத்திலுள்ள கார்கிலில் ஓரிரவு தங்குவதால் ஏற்றம் படிப்படியாக அமையும். மணாலி வழி அழகியது. ஆனால் 4,200 மீட்டருக்கும் மேலுள்ள சர்ச்சுவில் முதல் இரவு தங்கிய பலர் அவ்விரவை மறப்பதில்லை.

கட்டிய பணம் கணவாயை முடிவுசெய்யலாகாது

வணிகவியல் பயின்றோர் அறிந்த பாடம் ஒன்றுண்டு. ஏற்கெனவே செலவழிந்து, இனி எவ்வகையிலும் திரும்பி வராத தொகையை அடுத்த முடிவுக்குக் கணக்கில் கொள்ளக்கூடாது என்பது அது. தொழிலில் இதைக் கடைப்பிடிப்பதே கடினம். நட்டத்தில் ஓடும் ஆலைக்கு மேலும் கடன் கேட்டு வருவோரைப் பார்த்திருக்கிறோம். நிமாலிங்கில், அதிகாலை நான்கு மணிக்குத் தலைவலியோடு எழுந்து அமர்ந்திருப்பவருக்கு இன்னும் கடினம். 'இவ்வளவு செலவழித்து வந்துவிட்டு' என்று மனம் தொடங்கும். ஏறினாலும் இறங்கினாலும் அச்செலவு ஒன்றே.

அதனாலேயே இப்பயணத்துக்குக் கடன் வாங்குவதை நாம் ஊக்குவிப்பதில்லை. கடன் வழங்குவது நம் தொழில் என்றபோதும். மாதத் தவணை தலைக்குமேல் நிற்கும்போது திரும்பிவிடுவோம் என்று சொல்ல நாக்கு எழாது. ஓராண்டு முன்பே ஒரு தொடர் வைப்பு தொடங்கினால் போதும். உடற்பயிற்சிக்கும் அதே காலம் கிடைக்கிறது.

பயண ஏற்பாட்டாளருக்கு முன்பணம் செலுத்தும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். ஒருவர் நடுவழியில் திரும்ப நேர்ந்தால் அவருடன் யார் இறங்குவார்? குழுவில் இரண்டாவது வழிகாட்டியோ உதவியாளரோ உண்டா? மொத்தக் குழுவுக்கும் வழிகாட்டி ஒருவரே என்றால், நோயுற்றவர் ஒருவருக்காக அனைவரும் திரும்ப வேண்டும். அல்லது அவர் தனியே விடப்படுவார். அனைவரையும் திருப்பிவிடுவோமோ என்னும் கூச்சத்தால் நோயை மறைப்பவர்கள் உண்டு. கட்டணம் சிறிது கூடினாலும் இரண்டாமவர் உள்ள ஏற்பாடே மலிவானது. பணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே அனுப்பி, இரசீது பெறுக.

கைப்பேசி ஊமையாகும்போது

லடாக்கில் பிற மாநிலங்களின் முன்கட்டண சிம் அட்டைகள் இயங்குவதில்லை. பின்கட்டண இணைப்புகள் மட்டுமே இயங்கும். இதை அறிந்தோர்கூட இதன் வங்கித் தொடர்பான விளைவை எண்ணிப் பார்ப்பதில்லை. கைப்பேசி ஊமையானால் ஓ.டி.பி. வாராது. விடுதியின் வைஃபை இருந்தும் பணப் பரிமாற்றம் நிறைவேறாது. சில வங்கிகளின் ஏ.டி.எம்.களில் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் ஓ.டி.பி. தேவை. லேயில் புதிய சிம் வாங்கினாலும் ஓ.டி.பி. உங்கள் பழைய எண்ணுக்கே செல்லும். ஆகவே புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே பின்கட்டண இணைப்புக்கு மாறிக்கொள்வது நல்லது. மாற விரும்பாதோர் விமானச்சீட்டு, விடுதி, கடன் அட்டை நிலுவை ஆகிய அனைத்தையும் ஊரிலேயே முடித்துவிட வேண்டும். பயண நாட்களில் வரும் மாதத் தவணைக்கும் காப்பீட்டு பிரீமியத்துக்கும் கணக்கில் போதிய இருப்பு வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

பள்ளத்தாக்கினுள் பெரும்பகுதியில் எந்த இணைப்பும் கிட்டாது, ஏ.டி.எம். இல்லை, யு.பி.ஐ. இல்லை. ரொக்கமே ஆட்சி செய்கிறது. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் குதிரைக்காரருக்குமான தொகையை லேயிலேயே எடுத்து, அதில் ஒரு பகுதியைக் கட்டாயம் நூறு, இருநூறு ரூபாய்த் தாள்களாக மாற்றிக்கொள்க. வழியில் பழைய இராணுவப் பாராசூட் துணியால் கூடாரமிட்டுத் தேநீர் விற்கும் பெண்களிடம் ஐந்நூறு ரூபாயை நீட்டுவது அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். நோயாளியைக் குதிரையில் இறக்கவும் உடனடி வண்டி அமர்த்தவும் தனியே ஒரு தொகையை, எக்காரணத்தாலும் தொடாமல், குழுவில் ஒருவர் வைத்திருக்க வேண்டும்.

செயற்கைக்கோள் தொலைபேசியையோ, செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் சிறு கருவியையோ வெளிநாட்டு உறவினரிடமிருந்து வாங்கி எடுத்துச் செல்ல நினைப்போருக்கு ஓர் எச்சரிக்கை. தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் இன்றி அவற்றை வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம். எல்லைப் பகுதியான லடாக்கில் அது விளையாட்டாக முடியாது.

காப்பீடு: எழுத்தைப் படியுங்கள்

மலையேற்றத்துக்கு மருத்துவக் காப்பீடு செல்லாது என்பது பரவலான நம்பிக்கை. அது முழு உண்மையன்று. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சீரமைத்த விலக்குப் பட்டியலில், சாகச விளையாட்டுகளில் 'தொழில்முறையாக' ஈடுபடுவதால் ஏற்படும் சிகிச்சைச் செலவே விலக்கப்பட்டுள்ளது. விடுப்பெடுத்து நடக்கச் செல்லும் ஆசிரியரோ கணக்கரோ தொழில்முறை மலையேறி அல்லர். ஆகவே உங்கள் பாலிசியில் அவ்விலக்கு எந்தச் சொற்களில் எழுதப்பட்டுள்ளது என்று படித்துப் பாருங்கள். ஐயமிருப்பின் நிறுவனத்துக்கு எழுதி விடை பெற்றுக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு மருத்துவமனைச் செலவுக்கு உரியது. மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் செலவு அதில் அடங்குமா என்பது வேறு கேள்வி. தனியே பயணக் காப்பீடு எடுப்போர், எத்தனை மீட்டர் உயரம் வரை அது செல்லும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 4,000 மீட்டரோடு நின்றுவிடும் பாலிசி கொங்மாரு லாவில் வெறும் காகிதம்.

நம் வாடிக்கையாளர் பலரிடம் உள்ள பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில், விபத்தால் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 2 இலட்சம் ரூபாய் வரை வழங்கும் அத்திட்டம் மிக நல்லது. ஆனால் அது விபத்துக்கு உரியது. பாறையில் வழுக்கி விழுவது விபத்து. மலைநோய் ஒரு நோய். இரண்டையும் ஒன்றாகக் கருதி நிம்மதியடைய வேண்டா. கணக்குகளில் நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்பதையும் இதே சாக்கில் பார்த்துவிடுங்கள். இதை அமங்கலமாக எண்ணுவோர் உண்டு. பயணம் போகாதவர்களுக்கும் இது வேண்டியதுதான்.

உடலும் உடைமையும்

சமவெளியில் வாழ்வோருக்கு மலைப் பயிற்சி என்பது மாடிப்படியே. மூன்று மாதங்களுக்கு முன் தொடங்கி, வாரம் நான்கு நாட்கள் ஏறி இறங்குங்கள். கடைசி மாதத்தில் முதுகுப்பையில் ஆறேழு கிலோ அரிசியை வைத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கியில் இறங்கிவிடாதீர்கள். கணவாயிலிருந்து ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்க வேண்டியிருப்பதால் முழங்கால்களுக்குச் சோதனை அங்கேதான். காலணியை இரண்டு மாதங்களுக்கு முன்பே வாங்கி, அணிந்து நடந்து பழகிக்கொள்க. புதுக் காலணியோடு மலைக்குச் செல்வோர் கொப்புளங்களோடு திரும்புவர்.

மற்ற பொருள்களின் பட்டியல் எங்கும் கிடைக்கிறது. இரண்டை மட்டும் வலியுறுத்துவோம். மார்க்கா ஆற்றைச் சில இடங்களில் காலால் கடக்க நேரலாம். பனியாறுகள் பகலில் உருகுவதால் காலையில் முழங்கால் அளவு ஓடும் நீர் பிற்பகலில் இடுப்பளவு ஏறிவிடும். ஆகவே வார் வைத்த செருப்பும், அதிகாலையில் புறப்படும் வழக்கமும் வேண்டும். இரண்டாவது, கறுப்புக் கண்ணாடி. அழகுக்கன்று, அந்த உயரத்து வெயில் கண்ணை உண்மையாகவே சுட்டுவிடும். நிமாலிங்கில் ஆகஸ்டிலும் இரவுக் குளிர் உறைநிலையைத் தொடும் என்பதால் நல்ல உறக்கப் பையும் தேவை; அதை லேயில் வாடகைக்கு எடுக்கலாம்.

நாம் தரும் பணம் எங்கே போகிறது

பனிச்சிறுத்தையைக் காண்போம் என்று எதிர்பார்த்துக் கோடையில் செல்ல வேண்டா. அது குளிர்காலத்தில்தான் தாழ இறங்குகிறது. ரும்பாக்கில் பிப்ரவரிக் குளிரில் அதற்காகவே காத்திருப்போர் உண்டு. அது வேறு பயணம், வேறு ஆயத்தம். 2024-ல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் உள்ளன. அவற்றுள் 477 லடாக்கில். நீங்கள் அதைக் காணாவிட்டாலும் அது உங்களைக் கண்டிருக்கக்கூடும்.

இந்த விலங்குக்கும் ஊர்மக்களுக்கும் முன்பு தீராப் பகை இருந்தது. இரவில் பட்டிக்குள் குதிக்கும் சிறுத்தை ஓர் ஆட்டோடு நிற்பதில்லை. ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் செல்வம் முழுவதும் போய்விடும். பழிக்குப் பழியாகச் சிறுத்தையும் கொல்லப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் ஸ்னோ லெப்பர்ட் கன்சர்வன்சி அமைப்பினர் ஊர்மக்களோடு சேர்ந்து பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரை அமைக்கவும், வீடுகளில் பயணிகளைத் தங்கவைக்கும் முறையைத் தொடங்கவும் வழிசெய்தனர். இன்று பல ஊர்களில் பயணிகள் முறைவைத்து வீடுகளுக்கு அனுப்பப்படுகின்றனர். ஒரே வீடு எல்லா வருவாயையும் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே அவ்வூரார் காட்டும் வீட்டில் தங்குங்கள். அடுத்த வீட்டின் சன்னல் அழகாக இருக்கிறதென்று மாற்றிக் கேட்க வேண்டா. அறிவிக்கப்பட்ட கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். குடிநீரைப் பாட்டிலில் வாங்காமல் வீடுகளிலும் தேநீர்க் கூடாரங்களிலும் கொதிக்கவைத்த நீராக நிரப்பிக்கொள்ளுங்கள். பிஸ்கட் உறைகளை லே வரை திருப்பிக் கொண்டுவாருங்கள். அங்கே குப்பை வண்டி வாராது. சமையலறையில் அடுப்பைச் சுற்றி அமரச் சொல்வார்கள். உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீர் தருவார்கள். நம் நாக்குக்கு அது தேநீர் என்பதைவிட இரசம் என்று எண்ணிக் குடித்தால் எளிதில் இறங்கும்.

புறப்படும் முன் வீட்டில் ஒரு தாளைக் கொடுத்துச் செல்லுங்கள். ஒவ்வோர் இரவும் தங்கும் ஊர், ஏற்பாட்டாளரின் எண், உடன் வருவோரின் பெயர், இரத்த வகை, பாலிசி எண் ஆகியவை அதில் இருக்கட்டும். எந்த நாள் வரை அழைப்பு வராவிட்டாலும் கவலைப்பட வேண்டா என்பதையும் எழுதுங்கள். அந்த நாளைக் கணக்கிடும்போது கையிருப்பு நாட்களையும் சேர்க்க வேண்டும். எங்கள் அறுவரில் ஒருவர் சேர்க்காமல் எழுதிவிட்டார். தச்சுங்சேயில் நாங்கள் ஆடு எண்ணிய அந்த ஒரு நாளுக்காக, அவருடைய தாயார் லேயிலுள்ள விடுதியை ஏழு முறை தொலைபேசியில் அழைத்திருந்தார்.

கையிருப்பு நாள் செலவாகாமல் எஞ்சினால் லேயில் அறைக்குள் கிடக்க வேண்டா. நடை முடியும் ஷாங் சும்தோவிலிருந்து லே திரும்பும் வழியில், சிறிது விலகினால் பூங்காவுக்குப் பெயர் தந்த ஹெமிஸ் மடாலயம் இருக்கிறது. பள்ளத்தாக்கின் மடிப்புக்குள் மறைந்திருப்பதால் அருகில் செல்லும் வரை கண்ணுக்குத் தெரியாது. அதன் அருங்காட்சியகத்தில் பழைய தங்கா ஓவியங்களைப் பார்க்க அரை நாள் வேண்டும். முழங்கால் வலியோடு படியேறுவதற்கு இன்னும் சற்று நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.